நன்னடத்தை அலுவலரின் அறிக்கை: நீதிமன்றம் கேட்க மறக்கும் காகிதம்

இருபது வயதுப் பையன் ஒருவன் பைக் திருட்டு வழக்கில் மாட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். முதல் வழக்கு. விசாரணை நடக்கிறது, சாட்சிகள் வருகிறார்கள், திருடியது அவன்தான் என்று மாஜிஸ்திரேட் முடிவுக்கு வருகிறார். அதுவரை அந்த நீதிமன்றத்தில் பேசப்பட்டதெல்லாம் வண்டியைப் பற்றித்தான்: எங்கே நின்றது, எத்தனை மணிக்குக் காணாமல் போனது, யார் பார்த்தார்கள், யாரிடமிருந்து மீட்கப்பட்டது. பையனைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். எத்தனாம் வகுப்போடு படிப்பு நின்றது, வீட்டில் யார் இருக்கிறார்கள், வேலை உண்டா, குடிப்பழக்கம் உண்டா, வெளியே விட்டால் யார் பொறுப்பு? திருடினானா இல்லையா என்று தீர்மானிக்க இந்த விவரங்கள் தேவையில்லை. அந்தக் கட்டத்தில் அவை உள்ளே வரவும் கூடாது. ஆனால் அடுத்து அவனை என்ன செய்வது என்று யோசிக்கும்போது, இவற்றைத் தெரிந்துகொள்ளாமல் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாது.

அந்த விவரங்களைத் தேடிக் கொண்டுவருவதுதான் குற்றவியல் நீதி அமைப்பில் சமூகப் பணியாளரின் அடிப்படை வேலை. பதவிப் பெயர்கள் பல. வயது வந்தவர்களின் வழக்கில் நன்னடத்தை அலுவலர் (புரொபேஷன் ஆபீசர்). சிறைக்குள் நல அலுவலர். சிறார் வழக்கில் இளைஞர் நீதிக் குழுமத்தின் சமூகப்பணி உறுப்பினர். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சட்டம் மற்றும் நன்னடத்தை அலுவலர், ஆற்றுப்படுத்துநர், புறத்தொடர்புப் பணியாளர். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்கில் பாதிக்கப்பட்ட குழந்தையின் பக்கம் நிற்கும் ஆதரவு நபர். இவர்களில் பெரும்பாலோரிடம் சட்டம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான்: இந்த ஆள் யார், எங்கிருந்து வந்தார், இனி எங்கே போவார்? சட்டப் புத்தகங்களில் இந்தக் கேள்வி பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. நடைமுறையில் அதைக் கேட்கவே மறந்துவிடுகிறார்கள். கேட்டாலும் ஒரு படிவத்தை நிரப்புவதோடு பதில் முடிந்துவிடுகிறது. தவறு சட்டத்தில் அதிகமில்லை, சட்டத்தைப் பயன்படுத்தும் பழக்கத்தில் இருக்கிறது என்பது என் கருத்து.

நம் பையனுக்குத் திரும்புவோம். அவனுக்கு 21 வயது ஆகவில்லை. 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 6-ஆவது பிரிவின்படி, ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் அல்லாதபட்சத்தில் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவரை எடுத்தவுடன் சிறைக்கு அனுப்ப முடியாது. நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்க வேண்டும். அதைப் பரிசீலிக்க வேண்டும். அதற்கு மேலும் சிறைதான் சரி என்று தோன்றினால் காரணத்தை எழுத வேண்டும். 21-ஐத் தாண்டியவர்களுக்கு 4-ஆவது பிரிவு: மூன்று ஆண்டு வரை நன்னடத்தைப் பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம், தேவைப்பட்டால் அலுவலரின் மேற்பார்வையில் வைக்கலாம். மேற்பார்வை என்று உத்தரவிட்டால் அது ஓர் ஆண்டுக்குக் குறையக் கூடாது. 4-ஆவது பிரிவின் கீழ் விடுவிப்பதானாலும் அறிக்கையைக் கேட்டாக வேண்டும், அதன்படி நடக்க வேண்டுமா என்பது நீதிமன்றத்தின் விருப்பம் என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் சொன்னது.

பிரிவு 5 பலருக்கும் தெரியாது. விடுவிக்கும்போதே பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்கும்படி உத்தரவிடலாம். அதைக் கட்டி முடிக்க உதவுவதும் நன்னடத்தை அலுவலரின் கடமைகளில் ஒன்றாக 14-ஆவது பிரிவு சேர்த்திருக்கிறது. பையன் ஆறு மாதம் உள்ளே போனால் பைக்காரருக்கு என்ன கிடைக்கும்? ஒன்றுமில்லை. வெளியே இருந்து வேலைக்குப் போனால் உடைந்த பூட்டுக்கும் ஒடிந்த ஹேண்டில்பாருக்குமாவது காசு வரும். ‘குற்றவாளியைக் கொஞ்சுகிற சட்டம்’ என்று இதைத் திட்டுகிறவர்கள் 5-ஆவது பிரிவைப் படித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

எல்லாக் குற்றத்துக்கும் இந்தச் சலுகை கிடையாது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்கள் வெளியே. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்த் தண்டனை பெறும் 18 வயதைத் தாண்டியவருக்கு நன்னடத்தை விடுதலை இல்லை என்று அந்தச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. ‘நல்ல குடும்பத்துப் பையன், ஊரில் மரியாதை உள்ளவர்கள்’ என்று அறிக்கை எழுத வைக்கக்கூடிய ஆட்கள் யார் என்பது ஊருக்குத் தெரியும். ஆகவே அந்த விலக்கு சரியானதே.

சரி, இவ்வளவு தெளிவான சட்டம் இருந்தும் அறிக்கை ஏன் கேட்கப்படுவதில்லை? முதல் காரணம் நேரம். குற்றவாளி என்று அறிவித்த பிறகு தண்டனை குறித்துத் தனியாகக் கேட்க வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் விதி. ஆனால் அந்தக் கேள்வியும் பதிலும் பெரும்பாலும் அன்றைக்கே, சில நிமிடங்களில் முடிந்துவிடும். ‘வயதான தாய் தந்தையர் இருக்கிறார்கள், குடும்பத்தில் நான் ஒருவன்தான் சம்பாதிக்கிறேன், கருணை காட்ட வேண்டும்.’ தீர்ப்புக்குத் தீர்ப்பு இதே வரி. வீட்டுக்குப் போய், அக்கம்பக்கம் விசாரித்து, படித்த பள்ளியிலும் வேலை பார்த்த இடத்திலும் கேட்டு எழுத வேண்டிய அறிக்கை அந்த நிமிடங்களுக்குள் எப்படி வரும்? வழக்கை இரண்டு வாரம் தள்ளிவைத்தால் வரும். தள்ளிவைத்தால் நிலுவைக் கணக்கு கூடும்.

இரண்டாவது காரணம் வக்கீல்களிடம் இருக்கிறது. விடுதலை வாங்குவதுதான் கட்சிக்காரருக்குச் செய்யும் உதவி என்று பழகியவருக்கு, ‘குற்றம் நிரூபணமானால் நன்னடத்தையில் விடுங்கள்’ என்று முன்கூட்டியே கேட்பது பாதி ஒப்புக்கொள்வது போலத் தோன்றுகிறது. எனவே கடைசி நிமிடம் வரை அந்தப் பேச்சே எடுப்பதில்லை. மூன்றாவது, சின்ன வழக்குகளுக்கு எல்லோருக்கும் வசதியான இரண்டு வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன: அபராதம், அல்லது நீதிமன்றம் கலையும் வரை சிறை. சாயங்காலத்துக்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்றால் யாருக்குத்தான் ஓராண்டு மேற்பார்வை வேண்டும்? ஆனால் இந்த வழிகளுக்கும் நன்னடத்தை விடுதலைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நன்னடத்தைச் சட்டத்தின் கீழ் விடப்பட்டவருக்கு, குற்றத்தீர்ப்பினால் சட்டப்படி வரும் தகுதியிழப்பு ஏற்படாது என்று 12-ஆவது பிரிவு பாதுகாப்புத் தருகிறது. நூறு ரூபாய் அபராதம் கட்டியவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அரசு வேலைக்குப் போலீஸ் சரிபார்ப்பு வரும்போதுதான் இதன் அருமை தெரியும். அந்தப் பிரிவுக்கும் எல்லை இருக்கிறது: ஏற்கெனவே வேலையில் இருப்பவர் மீது துறை நடவடிக்கை எடுப்பதை அது தடுக்காது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொல்லிவிட்டது.

சட்டம் எவ்வளவு காலமாகத் தூசு தட்டப்படாமல் கிடக்கிறது என்பதற்கு ஒரு சின்னச் சான்று. பிணைப்பத்திர நிபந்தனையை ஒருவர் முதல்முறை மீறினால் நீதிமன்றம் விதிக்கக்கூடிய தொகைக்கு 9-ஆவது பிரிவு வைத்திருக்கும் உச்சவரம்பு இன்றும் 50 ரூபாய்.

மதராஸில் தொடங்கியது

நன்னடத்தை என்ற ஏற்பாட்டின் கதையைப் பொதுவாக பாஸ்டனிலிருந்து தொடங்குவார்கள். 1841-இல் ஜான் அகஸ்டஸ் என்ற பூட்ஸ் தைக்கும் தொழிலாளி, குடித்துவிட்டுப் பிடிபட்ட ஒருவனைத் தன் ஜாமீனில் எடுத்தார். சில வாரம் கழித்து ஆளை நிதானமாக, சுத்தமாக நீதிமன்றத்துக்குக் கூட்டிவந்தார். நீதிபதி ஒரு சென்ட் அபராதம் போட்டு அனுப்பினார். அகஸ்டஸ் 1859-இல் இறக்கும் வரை ஏறக்குறைய இரண்டாயிரம் பேரை இப்படி எடுத்தார். அவருக்கு அரசுப் பதவி இல்லை, சம்பளம் இல்லை. சம்பளம் பெறும் அலுவலரை நியமிக்க மாசசூசெட்ஸில் சட்டம் வந்தது 1878-இல்.

ஆனால் நமக்கு நெருக்கமான கதை சென்னை மாகாணத்தினுடையது. சர் அலெக்ஸாண்டர் கார்டியூ தலைமையிலான இந்தியச் சிறைகள் குழு 1919-20-இல் நாடு முழுக்கச் சிறைகளைப் பார்த்துவிட்டு, குழந்தைகளைச் சிறைக்கு அனுப்புவதை நிறுத்தச் சொன்னது. 1920-இல் வந்த சென்னைக் குழந்தைகள் சட்டம்தான் இந்தியாவிலேயே இந்த வகையில் முதலாவது. வங்காளமும் பம்பாயும் பிறகுதான் வந்தன. 1925-இல் இளங்குற்றவாளிகளுக்கான பார்ஸ்டல் பள்ளிகள் சட்டம், 1936-இல் சென்னைக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். நாடு முழுமைக்குமான 1958 சட்டத்துக்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்பே இங்கே அந்த ஏற்பாடு இருந்தது.

அதே 1920-இல், ஏப்ரல் 3 அன்று, உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூரில் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் ரேகை வைக்க மறுத்த மக்கள் மீது போலீஸ் சுட்டதில், மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். சீர்திருத்தம் பேசிய அரசும் சுட்ட அரசும் ஒன்றேதான். ஒருவனின் குடும்பம், சாதி, அக்கம்பக்கம் ஆகியவற்றை எழுதிவைக்கும் காகிதம் அவனைக் காப்பாற்றவும் பயன்படும், பிறவியிலேயே குற்றவாளி என்று முத்திரை குத்தவும் பயன்படும். சமூகப் பணியாளரின் அறிக்கையைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டாவது வரலாற்றை ஒதுக்கிவிடக் கூடாது. இன்றும் சிறார் வழக்குக்கான சமூக விசாரணை அறிக்கைப் படிவத்தில் மதத்தின் மீதான மனப்பாங்கு, குடும்பத்தின் ஒழுக்க நெறி, குடும்பத்தில் வேறு யாருக்கும் வழக்கு உண்டா என்றெல்லாம் கட்டங்கள் இருக்கின்றன. ‘குப்பத்தில் வசிக்கிறான், சுற்றுப்புறம் சரியில்லை’ என்று அங்கே ஒரு வரி எழுதிவிட்டால் போதும். ஏழை வீட்டுப் பிள்ளை சிறார் இல்லத்துக்குள் போவதற்கு அதுவே காரணமாகிவிடும்.

ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி போல இந்தத் தொழிலுக்கும் பள்ளிகள் வந்தன. பம்பாயில் 1936-இல் தொடங்கிய சமூகப்பணிப் பள்ளிதான் பிறகு டாட்டா சமூக அறிவியல் கழகம் ஆனது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் சென்னை சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கினார். சமூகப்பணி முதுகலைப் படிப்பான எம்.எஸ்.டபிள்யூ. இன்று பல கல்லூரிகளில் இருக்கிறது. ஆனால் அதை முடித்து வருபவர்களில் பெரும்பாலோர் தேடிப்போவது மனிதவளத் துறை, மருத்துவமனை, தொண்டு நிறுவனம். நீதிமன்ற வளாகத்தில் வேலை செய்ய நினைப்பவர்கள் கொஞ்சம்தான்.

வீடு தேடிப் போகிறவர்

நல்ல அறிக்கை ஒன்று எப்படி உருவாகிறது? பையனிடம் தனியாகப் பேச வேண்டும். பிறகு வீடு. வீட்டில் அம்மா சொல்வதும் அக்கா சொல்வதும் வேறாக இருக்கும். பிறகு மாற்றுச் சான்றிதழ் கொடுத்த பள்ளி, ஒர்க்‌ஷாப் முதலாளி, தெருவில் டீக்கடைக்காரர். வழக்குக்கு முன்னால் அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதைக் காலவரிசையில் போட்டுப் பார்க்க வேண்டும்: அப்பா எப்போது விட்டுப் போனார், பள்ளி எப்போது நின்றது, குடி எப்போது தொடங்கியது. இந்த வரிசையைப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு திருப்பம் கண்ணில் படும். அந்தத் திருப்பத்துக்கு என்ன செய்யலாம் என்பதே பரிந்துரை. ‘ஒழுங்காக இருப்பான் என்று தெரிகிறது’ என்ற வரியால் நீதிபதிக்கு எந்தப் பயனும் இல்லை. ‘இந்த ஒர்க்‌ஷாப்காரர் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ளத் தயார், தாய்மாமன் வீட்டில் தங்க ஏற்பாடு இருக்கிறது, வாரம் ஒருமுறை குடிநோய் சிகிச்சைக்கு வர ஒப்புக்கொண்டிருக்கிறான்’ என்றால் பயன் உண்டு.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நன்னடத்தை அலுவலர் சட்டப்படி பொது ஊழியர், நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டவர். பையனுக்கு அவர் ‘சார்’ அல்லது ‘மேடம்’. நல்லது செய்ய வந்தவர் என்று நம்பி எல்லாவற்றையும் கொட்டுவான். இதுவரை பிடிபடாத இன்னொரு திருட்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டால்? மருத்துவரிடமோ வக்கீலிடமோ சொன்னது போன்ற ரகசியம் இங்கே இல்லை. ஆகவே பேச்சைத் தொடங்கும்போதே, ‘தம்பி, நீ என்கிட்ட சொல்றது கோர்ட்டுக்குப் போகும், தெரிஞ்சு பேசு’ என்று சொல்லிவிடுவதுதான் நாணயம். அப்படிச் சொன்னால் அவன் பாதியை மறைப்பான். அதனால் அறிக்கை மெலிந்தால் மெலியட்டும்.

அறிக்கை ரகசியமானது என்கிறது 7-ஆவது பிரிவு. நீதிமன்றம் விரும்பினால் அதன் சாரத்தைக் குற்றவாளியிடம் சொல்லி, மறுத்துச் சான்று தர வாய்ப்புத் தரலாம். ‘தரலாம்’ என்பதோடு சட்டம் நிறுத்திக்கொள்கிறது. தன்னைப் பற்றி எழுதப்பட்ட பாதகமான வரியைப் பார்க்காமலேயே ஒருவர் சிறைக்குப் போக இதில் இடமிருக்கிறது. இது திருத்தப்பட வேண்டிய இடம்.

தமிழ்நாட்டில் வயது வந்தோருக்கான நன்னடத்தைப் பிரிவு சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறையின் கீழ் இருக்கிறது. அதனால் அலுவலரின் வேலை நீதிமன்ற அறிக்கையோடு நிற்பதில்லை. தண்டனைக் கைதி ஒருவர் தங்கை கல்யாணத்துக்கு விடுப்பு கேட்கிறார் என்றால், 1982-ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி அவர் ஊருக்குப் போய் விசாரிப்பவர் நன்னடத்தை அலுவலர்தான்: வந்தால் பழைய பகையில் வெட்டுக்குத்து ஆகுமா, குடும்பம் ஏற்குமா, திரும்ப வருவாரா. முன்விடுதலைப் பரிசீலனையிலும் அவர் அறிக்கை வேண்டும். கொலை வழக்கில் பத்துப் பதினைந்து ஆண்டு உள்ளே இருந்தவரின் ஊருக்குப் போய், செத்தவரின் வீட்டாரிடமும் பேசி எழுதுவது ஒரு பிற்பகலில் ஆகிற காரியமில்லை. இவ்வளவையும் செய்கிறவரின் தலையில், மேற்பார்வையில் உள்ளவர்களுக்கு வேலை தேடித் தரும் பொறுப்பையும் சட்டம் வைத்திருக்கிறது.

மாஜிஸ்திரேட்டோடு ஒரே அமர்வில்

மற்ற இடங்களில் சமூகப் பணியாளர் அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே நிற்பவர். சிறார் வழக்கில் மட்டும் அவர் நீதிபதியின் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறார். 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டு கௌரவச் சமூகப் பணியாளர்கள் நீதிமன்றத்துக்கு உதவியாளர்களாக மட்டும் இருந்தார்கள். 2000-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைக் குழுமத்தின் உறுப்பினர்களாகவே ஆக்கியது. இப்போதுள்ள 2015 சட்டத்தின்படி குழுமம் என்பது ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள்; இருவரில் ஒருவராவது பெண். இந்தச் சமூகப் பணியாளர் குழந்தைகளுக்கான உடல்நலம், கல்வி அல்லது நலப் பணியில் ஏழாண்டு அனுபவம் உள்ளவராகவோ, குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் ஆகியவற்றில் பட்டம் பெற்றுத் தொழில் செய்பவராகவோ இருக்க வேண்டும். கருத்து வேறுபட்டால் பெரும்பான்மை செல்லும். அதாவது சமூகப் பணியாளர்கள் இருவரும் ஒரு பக்கம் நின்றால் மாஜிஸ்திரேட்டின் கருத்து தோற்கும். இந்திய நீதி அமைப்பில் சட்டம் படிக்காதவருக்கு இவ்வளவு அதிகாரம் தரும் இடங்கள் மிகக் குறைவு.

அந்த அதிகாரத்துக்கு ஏற்ற ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறோமா? அமர்வுக்கு இவ்வளவு என்று மதிப்பூதியம், மூன்றாண்டுப் பதவி. உள்ளூர் செல்வாக்கால் வருபவரும் உண்டு, பத்தாண்டு களத்தில் வேலை பார்த்துவிட்டு வருபவரும் உண்டு. 2024 மே மாதம் புனேயில் நடந்தது நினைவிருக்கும். 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். குழுமம் அமர்வில் இல்லாத நேரத்தில் சிறாரைத் தனி உறுப்பினர் ஒருவர் முன்பும் ஆஜர்படுத்தலாம் என்று சட்டம் சொல்கிறது. அப்படி ஆஜர்படுத்தப்பட்ட பையனுக்கு, சாலை விபத்து பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு சில மணி நேரத்தில் ஜாமீன் கிடைத்தது. நாடே கொதித்தது. பிறகு அந்தக் குழுமத்தின் சமூகப் பணி உறுப்பினர்கள் இருவரை மகாராஷ்டிர அரசு பதவி நீக்கியது. கட்டுரையைக் கிண்டல் செய்ததில் எல்லோரும் ஒன்றை விட்டுவிட்டோம். சிறாருக்கு ஜாமீன் தருவதுதான் சட்டத்தின் பொது விதி. குடிநோய் ஆலோசனைக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனையும் நியாயமானதே. அந்த வீடு எப்படிப்பட்டது, காரும் காசும் யார் கையிலிருந்து வந்தன, வெளியே விட்டால் யார் கட்டுப்படுத்துவார்கள் என்று விசாரித்த ஆள் அப்போது யாரும் இல்லை என்பதே அந்த உத்தரவின் ஓட்டை. சிறாரை முதலில் ஆஜர்படுத்திய நாளிலிருந்து 15 நாளுக்குள் சமூக விசாரணை அறிக்கை வர வேண்டும் என்று சட்டம் கேட்பது இதற்குத்தான்.

சிறார் ஒருவரும் சிக்கிய 2012 டிசம்பர் டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்குக்குப் பிறகு எழுந்த கோபத்தில் 2015 சட்டம் இன்னொரு சுமையையும் குழுமத்தின் மேல் ஏற்றியது. 16 முதல் 18 வயதுக்குட்பட்டவர் கொடுங்குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டால், அவரை வயது வந்தவராக விசாரிக்கலாமா என்று குழுமம் மூன்று மாதத்துக்குள் பூர்வாங்க மதிப்பீடு செய்ய வேண்டும். அந்தக் குற்றத்தைச் செய்யும் மனவலிமையும் உடல்வலிமையும் இருந்தனவா, விளைவு புரிந்ததா, எந்தச் சூழலில் நடந்தது. பல மாதம் முன்பு ஓர் இரவில் ஒரு பதினாறு வயது மனம் எப்படி இருந்தது என்று இன்றைக்கு ஒரு அறையில் உட்கார்ந்து அளந்து சொல்ல முடியும் என்று நம்புகிற பிரிவு இது. குழுமத்தில் குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்தவர் இல்லையென்றால் நிபுணர் உதவியைப் பெற்றே ஆக வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது கொஞ்சம் ஆறுதல்.

வழக்கில் சிக்கிய சிறார்களை வைத்திருக்கும் இல்லங்களின் நிலையையும் சொல்லாமல் விட முடியாது. செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 2022 டிசம்பர் இறுதியில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் பணியாளர்கள் அடித்ததில் இறந்தான். ரயில்வே பேட்டரி திருடியதாக வழக்கு. பிறகு இல்லங்களைச் சீரமைக்கப் பரிந்துரைகள் தர ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. இந்த இல்லங்களில் பிள்ளைகளோடு பேச வேண்டிய ஆற்றுப்படுத்துநரும் மாவட்ட அலகின் சமூகப் பணியாளர்களும் பெரும்பாலும் தொகுப்பூதியத்தில், ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். கண் முன்னால் அடி விழுந்தால் அதை எழுதி மேலே அனுப்புகிற தைரியத்தை, அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம் எதிர்பார்க்கிறோம்.

ஜாமீன் கிடைத்தும் உள்ளே

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் 5.73 லட்சம் பேர் இருந்தார்கள். நூற்றுக்கு 75-க்கும் மேல் விசாரணைக் கைதிகள். இவர்களில் ஒரு பகுதியினர் ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும் வெளியே வராதவர்கள். ஜாமீன்தாரர் இல்லை, சொத்துச் சான்று இல்லை, அல்லது வீட்டுக்கே விஷயம் தெரியாது. 1978-இல் மோத்தி ராம் என்ற கொத்தனாருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டார் ஒரு மாஜிஸ்திரேட். அண்ணன் ஜாமீன் தர வந்தபோது சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்தார். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகச் சாடி, ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார்.

நாற்பத்தைந்து ஆண்டு கழித்து, 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் அதே பிரச்சினைக்கு வழிமுறை வகுத்தது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வரவில்லையென்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். செயலாளர் நன்னடத்தை அலுவலர் அல்லது சட்டத் தன்னார்வலர் உதவியோடு அந்தக் கைதியின் பொருளாதார நிலை பற்றி அறிக்கை வாங்கி, நிபந்தனையைத் தளர்த்தும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். இதற்கும் அதே காகிதம்தான் தேவைப்படுகிறது.

டாட்டா கழகத்தின் ‘பிரயாஸ்’ திட்டம் 1990 முதல் மும்பைச் சிறைகளில் செய்துவருவது இந்த மாதிரி வேலை. கைதியின் வீட்டுக்குத் தகவல் சொல்வது, இலவச வக்கீலைப் பிடிப்பது, வெளியே வந்தவருக்குத் தங்க இடமும் வேலையும் பார்ப்பது. நம் ஊர்ச் சிறைகளில் மனுப் போட்டுச் சந்திக்க யாருமே வராத கைதிகள் உண்டு. அவர்களைப் பொறுத்தவரை நல அலுவலர் மூலம் ஊருக்குப் போகும் ஒரு ஃபோன்தான் வெளியுலகத் தொடர்பு. பெண் கைதிகளோடு ஆறு வயது வரை குழந்தையும் உள்ளே இருக்கலாம். அதற்குப் பிறகு அந்தக் குழந்தை யாரிடம் போகும் என்று தேடுவதும் இவர்கள் வேலை.

குண்டர் தடுப்புச் சட்டத்தில் இப்படி ஒரு கேள்விக்கே இடமில்லை. விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை ஒருவரை உள்ளே வைக்க 1982-ஆம் ஆண்டின் அந்தத் தமிழ்நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது. வழக்குப் பட்டியல் கேட்பார்கள். வீட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

மறு முனையில், மரண தண்டனை வழக்குகளில் இந்தக் கேள்விக்கு இப்போதுதான் மரியாதை வருகிறது. குற்றத்தை மட்டும் பார்க்காமல் குற்றவாளியையும் பார்க்க வேண்டும் என்று 1980-இல் பச்சன் சிங் தீர்ப்பு சொன்னது. அதற்கான தகவலை யார் திரட்டுவது என்பது நாற்பது ஆண்டாகத் தெளிவில்லாமல் இருந்தது. 2022 மே மாதம் மனோஜ் வழக்கில், நன்னடத்தை அலுவலர் அறிக்கை, மனநல மதிப்பீடு, சிறை நடத்தை அறிக்கை ஆகியவற்றை நீதிமன்றங்கள் கேட்டுப் பெற வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

பாதிக்கப்பட்டவர் பக்கத்தில் நிற்கும் சமூகப் பணி தனிக் கட்டுரைக்குரியது. போக்சோ வழக்கில் ஆதரவு நபர் குழந்தைக்கு நீதிமன்றம் என்றால் என்ன என்று விளக்குகிறார், கூடவே வருகிறார், இடைக்கால இழப்பீட்டுக்கு மனுப்போட உதவுகிறார். இது பெற்றோர் கேட்டால் மட்டும் தரும் சலுகையாக இருக்கக் கூடாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது.

புதிய தண்டனை, பழைய கேள்வி

இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, சமூக சேவையை ஒரு தண்டனையாக முதன்முறை சேர்த்திருக்கிறது. முதல்முறை செய்த, 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளின் திருட்டு (பொருளையோ மதிப்பையோ திருப்பித் தந்தால்), பொது இடத்தில் குடித்துவிட்டுத் தொல்லை தருவது, அவதூறு உள்ளிட்ட ஆறு குற்றங்களுக்கு. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் சமூக சேவை என்றால் சமூகத்துக்குப் பயன்படும், ஊதியம் இல்லாத வேலை என்று விளக்கியதோடு நடைமுறைச் சட்டம் நின்றுவிட்டது. எத்தனை மணி நேரம், எங்கே, யார் மேற்பார்வை, வராவிட்டால் யார் நீதிமன்றத்துக்குச் சொல்வது என்பதெல்லாம் சட்டத்தில் இல்லை. இலங்கை இதற்கென்றே 1999-இல் சமுதாயம் சார்ந்த சீர்திருத்தச் சட்டம் என்று தனிச் சட்டம் கொண்டுவந்து, தனித் திணைக்களமும் வைத்திருக்கிறது.

மேற்பார்வைக்கு ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அரசு மருத்துவமனையில் ஒரு வாரம் துப்புரவு வேலை என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடுவார். மருத்துவமனையில் யாரிடம் போய் நிற்பது என்று அந்த ஆளுக்குத் தெரியாது. வந்தவரை வைத்து என்ன செய்வதென்று மருத்துவமனைக்கும் தெரியாது. கடைசியில் ஒரு கான்ஸ்டபிளைக் கூட அனுப்புவார்கள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து விழும், தண்டனை முடிந்ததாகக் கணக்கு. இன்னொரு வழி, நன்னடத்தை அலுவலர் பணியிடங்களைக் கூட்டி, ஒவ்வொரு நீதிமன்ற வளாகத்திலும் அவருக்கு ஒரு மேசை கொடுத்து, குற்றத்தீர்ப்புக்கும் தண்டனைக்கும் நடுவே இரண்டு வாரத்தை அறிக்கைக்காக ஒதுக்குவது. இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். பணியிடங்களை மாநில அரசு உருவாக்கலாம், இரண்டு வாரத்தை மாஜிஸ்திரேட் நாளைக்கே கொடுக்கலாம், அறிக்கை வேண்டும் என்ற மனுவைத் தீர்ப்பு நாளுக்கு முன்பே வக்கீல் போட்டுவைக்கலாம்.